பிரஷர் மாத்திரை மூளைக்கும்தான் என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக அல்சைமர் நாளான செப்டம்பர் 21 அன்று தங்கள் நாளிதழில் வந்த மறதிநோய் பற்றிய கட்டுரையை வாசித்தேன். நோய் கண்ட முதியவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, கதவுத் தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது, அவர் கோபப்படும்போது பேச்சை எப்படி மாற்றுவது என்றெல்லாம் பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஒன்பது ஆண்டுகள் என் தாயாரைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில், அவற்றில் ஒரு வரியைக்கூட மிகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்நோய் தலைகாட்டுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன என்பதைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் நடக்கும் பேரணியும், மருத்துவமனை வாசலில் கட்டும் பதாகையும், வானொலிப் பேட்டியும் எழுபது வயதுக்காரரையும் அவருடைய பிள்ளைகளையும் பார்த்துத்தான் பேசுகின்றன. நாற்பது வயதுக்காரரிடம் யாரும் பேசுவதில்லை. அக்குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தாயார் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு எங்களைப் படிக்கவைத்தவர். எந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்குப் பால் என்பதை மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைப்பார். மாதம் முடிந்ததும் கோடுகளை எண்ணிப் பணம் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசி அழித்துவிடுவார். முப்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு பிசகியதே இல்லை. ஒரு மாதம், ஒரே நாளுக்கு இரண்டு முறை கோடு விழுந்திருந்தது. அடுத்த மாதம் ஒரு வீட்டுக்குக் கோடே இல்லை. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், "பால்காரம்மாவுக்குப் பேராசை வந்துவிட்டது" என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார், நாங்களும் அம்மாவுக்குக் கவனம் போதவில்லை என்று கடிந்துகொண்டோம். இரண்டு ஆண்டுகள் இப்படியே போன பிறகுதான் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முகத்தை நிமிர்த்தாமலேயே, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயதில், ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் இரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் போட்டார். தலைசுற்றல் நின்றது, மாத்திரையும் நின்றது. "ஒண்ணும் பண்ணலையே, பிறகு எதுக்குப் போடணும்?" என்பது அவருடைய கேள்வி. பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை, ஏனெனில் எனக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாத்திரையை விடாமல் போட்டிருந்தால் அவருக்கு மறதிநோயே வந்திருக்காது என்று நான் வாதிடவில்லை. ஒரு தனிமனிதரைக் குறித்து அப்படி எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறவையும் நம்மால் மாற்றக்கூடியவையுமான காரணிகள் ஒன்பது என்று 2017-இல் அறிவித்தது. 2020-இல் அவை பன்னிரண்டாயின. 2024-இல் கெட்ட கொழுப்பும் பார்வைக் குறையும் சேர்ந்து பதினான்காயின. இளமையில் கல்வி கிடைக்காமல் போவது முதலாவது. முதுமைக்கால வரிசையில் தனிமையும் காற்று மாசும் சரிசெய்யப்படாத பார்வைக் குறையும் வருகின்றன. எஞ்சிய பத்தும் நடுவயதுக்கு உரியவை: காது மந்தம், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகைபிடித்தல், மிதமிஞ்சிய மது, தலைக்காயம், மனச்சோர்வு, உடலசைவு இல்லாத வாழ்க்கை. இந்தப் பதினான்கையும் முற்றாக நீக்க முடிந்தால், உலகில் மறதிநோய்க்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. முற்றாக நீக்குவது நடக்கிற காரியமல்ல என்பது எனக்கும் தெரியும். அதில் கால் பங்கு நடந்தாலும் எத்தனை வீடுகளின் சுமை இறங்கும் என்பதை, இந்நோயுடன் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டின் நிலவரமும் இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான நாடுதழுவிய ஆய்வு கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது கூடுதல் என்றும் அது கூறுகிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடுதலாக உள்ள மாநிலம் தமிழ்நாடு. 2021-க்கான கணிப்பில் இங்கே அது 13.6 விழுக்காடு. ஆக, நம்மிடம் முதியோர் அதிகம், அவர்களில் படிக்க வாய்ப்புக் கிடைக்காத கிராமத்துப் பெண்களும் அதிகம்.

இரத்தக் கொதிப்புக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று என் தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் ஏரிப்பாசனத்தை வைத்துச் சொல்வதுண்டு. மதகை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் தலைமடையில் வாய்க்கால் கரை அரித்து உடைகிறது, கடைமடை வயலோ தண்ணீர் இல்லாமல் காய்கிறது. மூளையின் உட்பகுதிக்குப் போகும் மயிரிழை போன்ற குழாய்களும் அப்படித்தான்; பல ஆண்டுகள் அழுத்தம் தாங்கித் தாங்கி அவற்றின் சுவர் தடித்துச் சுருங்கி, கையோ காலோ இழுத்துக்கொள்ளாத, வெளியே தெரியாத சின்னஞ்சிறு அடைப்புகள் உள்ளே ஏற்படுகின்றன. பக்கவாதம் வந்தால் ஊரே ஓடிவரும். இது ஓசையில்லாமல் நடப்பதால் ஒருவரும் ஓடிவருவதில்லை.

இதைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை தேவையில்லை என்பதற்குச் சீனக் கிராமங்களில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று வலுவான சான்று. 326 கிராமங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன, கட்டுப்படாத இரத்தக் கொதிப்புள்ள ஏறத்தாழ 34,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் மக்கள் வழக்கமான சிகிச்சையோடு இருந்தார்கள். மற்றக் கிராமங்களில் உள்ளூர்க் கிராம மருத்துவப் பணியாளர்களே, பெரிய மருத்துவர்களின் மேற்பார்வையில், மாத்திரைகளை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுத்து, வீட்டில் அழுத்தம் பார்க்கக் கருவி கொடுத்து, உப்பு, எடை, மாத்திரையை விடாமல் போடுவது ஆகியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார்கள். நான்கு ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை நடந்த கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் மறதிநோய் 15 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதை வாசித்தபோது என் மனம் போனது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கு வரும்போது அங்கேதான் உட்காருவார். நாலு வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். கையில் பட்டையைச் சுற்றி, அழுத்தம் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். பார்க்க வேண்டிய வீடுகளோ ஏராளம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கியம் சேரவேண்டும் என்பதே என் கோரிக்கை. எதிர்வீட்டுப் பெண், "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, மாத்திரையை விட்டுடலாமா?" என்று என் தாயார் கேட்ட அதே கேள்வியை அவரிடம் கேட்கிறாள். "விட்டால் பக்கவாதம் வரும்" என்று அவர் பதில் சொல்கிறார். "இது உன் இதயத்துக்கும் கிட்னிக்கும் மட்டுமில்லை, நாளைக்கு உன் பேரப்பிள்ளை முகம் உனக்குத் தெரியவேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான்" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். கொடுத்தால் சொல்லிவிட்டுப் போகிறார். அரசுக்கு இதில் புதிய கட்டடமோ புதிய மருந்தோ தேவைப்படாது.

மாத்திரையைவிடவும் எனக்கு ஆற்றாமை தருவது காது. 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் மிக அதிகப் பங்குடைய இரண்டு காரணிகளில் காது மந்தமும் ஒன்று. மற்றது கெட்ட கொழுப்பு. கண்ணாடி போட்டவரை நாம் படித்தவர் என்கிறோம், காதில் மெஷின் வைத்தவரைச் செவிடு என்கிறோம். இந்த ஏளனத்துக்குப் பயந்தே ஐம்பது வயதில் காது மங்கியவர்கள் கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, எதற்கும் தலையாட்டி, பிறகு கல்யாணத்துக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள். காது மங்கினால் மூளைக்கு வரும் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தால் மனிதர்கள் குறைகிறார்கள். ஒன்றில் தொடங்கி இரண்டு காரணிகள் சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், செவித்துணைக் கருவி கொடுக்கப்பட்ட முதியவர்களில், ஏற்கெனவே நோய் வாய்ப்பு அதிகமாக இருந்த பிரிவினரிடம் மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் தேய்வு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே காது மெஷின் மறதிநோய்க்கு மருந்து என்று யாரும் விளம்பரம் செய்யலாகாது. ஆனால் ஐம்பது வயதில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இவ்வளவு சான்று போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்குச் செவித்துணைக் கருவியும் கண்ணாடியும் வழங்கும் ஒன்றிய அரசுத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது எங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கண் விஷயத்தில் இந்த மண் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் போட்டுத்தான் 'கண்ணில் பூ விழுந்தால் விதி' என்று கிடந்த பாட்டிமார்களை அறுவை சிகிச்சைக்கு அழைத்துவந்தது. வேனில் ஏறிப்போய்ப் பச்சைத்துணிக் கட்டோடு திரும்பிய பாட்டி, மறுவாரம் ஊசியில் நூல் கோத்துக் காட்டியபோது தெருவே நம்பியது. காதுக்கு அப்படி ஓர் அலை இன்னும் எழவில்லை.

கல்வியைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு தெருவில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது. என் தாயார் அப்போதுதான் கையெழுத்துப் போடக் கற்றார். என் பெயரை மறந்த பிறகும் ஓய்வூதியத் தாளில் அந்தக் கையெழுத்தை அவர் பிசகாமல் போட்டார். எழுத்துக்கும் மூளைக்கும் உள்ள உறவை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு தெருவுக்குப் போயிருப்போம். ஐதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிடச் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது தெரியவந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் தெலுங்கோ கன்னடமோ கலந்து பேசி வியாபாரம் செய்கிற பாட்டிமார்களை இனி நான் வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

மற்றவை நமக்குத் தெரிந்தவையே. மூளையோடு சேர்த்துச் சொல்லப்படாதவை மட்டுமே. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் தட்டு அதைக் காலையிலேயே தாண்டிவிடுகிறது. தலைக்கவசம் அபராதத்துக்குப் பயந்து வண்டிக் கண்ணாடியில் மாட்டிவைக்கும் பொருளாக இருக்கிறது. மது கேடு என்று புட்டியில் அச்சடித்து அரசே விற்கிறது. நினைவையும் கெடுக்கும் என்று ஒரு சொல்லைச் சேர்க்கக் கூடுதல் மை எவ்வளவு ஆகிவிடும்?

சொல்லும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையெல்லாம் பேசவைத்தார்களே, அந்தத் துணிச்சலும் குறும்பும் இந்நோய்க்கான பிரசாரத்தில் இல்லை. 'அறிவாற்றல் குறைபாட்டு இடர்க் காரணிகள்' என்று தலைப்பிட்ட துண்டுப்பிரசுரத்தை யார் வாசிப்பார்? சொல்லும் முக்கியம். நாம் 'கிறுக்கு', 'புத்தி பேதலிச்சிடுச்சு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை, வீட்டார் நோயாளியை உள்ளறையில்தான் வைத்திருப்பார்கள். ஜப்பானில் மறதிநோய்க்கு வழங்கிவந்த பெயர் இழிவாக ஒலித்ததால், 2004-இல் அரசே அதை மாற்றியது. மறு ஆண்டு முதல் வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப்பிள்ளைகள் என்று பொதுமக்களுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தி, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை இந்நோய் அறிந்தவர்களாக்கியது. 'குஷ்டம்' என்ற சொல்லை விட்டுத் 'தொழுநோய்' என்று சொல்லப் பழகிய நமக்கு இது இயலாத ஒன்றல்ல.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். இப்படிப் பிரசாரம் செய்யும்போது, நோய் வந்தவரைப் பார்த்து "நடக்காமல் உட்கார்ந்தே இருந்தார், அதனால்தான்" என்று பழிபோடும் பேச்சாக அது மாறிவிடக் கூடாது. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் இந்நோய் வருகிறது. மற்றது, ஞாபகசக்திப் பொடி, மூளை டானிக் என்று பத்திரிகைகளில், தங்கள் நாளிதழ் உட்பட, வரும் விளம்பரங்கள். வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டிலும் வாரம் ஒருமுறை உண்டு, அது நல்ல கீரை. ஆனால் மறதிநோயைத் தடுக்கும் என்று எண்ணூறு ரூபாய்க்குப் புட்டியில் விற்க அது போதுமான சான்றாகாது. அந்தப் பணத்துக்குப் பி12, தைராய்டு பரிசோதனை இரண்டையும் செய்துகொள்ளலாம். எங்கள் தெருவில் சமையல் பாதியில் எழுந்து போய்விடுவதும் சொன்னதையே சொல்வதுமாக இருந்த ஓர் அம்மையாருக்குப் பி12 குறைவு என்று கண்டுபிடித்து ஊசி போட்டார்கள். மூன்று மாதத்தில் பழையபடி சீட்டுக் கணக்குப் பார்க்கிறார். எல்லா மறதியும் இப்படித் திரும்பாது. ஆனால் திரும்பக்கூடிய மறதி எது என்று பார்க்காமலே 'வயசாச்சுல்ல' என்று அனுப்பிவிடுவதுதான் பொறுக்க முடியாதது.

ஆகவே சுகாதாரத் துறையினரிடம் நான் கேட்பது, வீடு தேடி வரும் தன்னார்வலர்களின் பயிற்சியில் மூளையைப் பற்றி ஒரு மணி நேரமும், முப்பது வயது கடந்தவர்களுக்குச் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும் இடத்திலேயே காதையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடும். அக்டோபர் 2 கிராம சபைகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் இதைப் பத்து நிமிடம் பேசலாம். அறிவொளியில் நடித்துப் பாடிய கலைக்குழுக்காரர்கள் இன்னும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். தங்களிடம் நான் கேட்பது, ஆண்டுக்கு ஒருநாள் முழுப்பக்கம் போடுவதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை ஒரு சிறு பெட்டிச்செய்தி: ஒரு காரணி, ஒரு மருத்துவரின் விளக்கம், அரசு மருத்துவமனையில் அதற்கு எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்ற தகவல். பதினான்கு வாரங்களுக்குப் பதினான்கு. எழுத்துச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதை வாசித்துக்காட்ட நான் இருக்கிறேன். பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்கும் அந்த நேரம் ஒத்துவரும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.